ஹேங்கருக்குள் போகிற அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

சூலூர் விமானப்படைத் தளத்துக்குள் கம்பெனி ஆளாக வேலைக்குப் போகப்போகிறாய் என்று உங்கப்பன் போனில் சொன்னான். பெரியப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். 2018இல் 45ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு அங்கே வந்து சேர்ந்தது. 2020 மே மாதம் 18ஆம் ஸ்குவாட்ரனும் அதே தளத்தில் தேஜஸோடு மறுபடி உயிர் பெற்றது. ஒரு விமானம் எங்கே போனாலும் அதைச் செய்தவர்கள், உதிரி பாகம் தருகிறவர்கள், சோதனைக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் பின்னாலேயே போகும். யூனிபார்ம் போடாத கூட்டம். இனி நீயும் அதில் ஒருத்தி.

அந்தக் கூட்டத்துக்கு ரேங்க் கிடையாது. ஸ்குவாட்ரன்காரர்களுக்கு அவர்கள் வெளியாட்கள். கம்பெனிக்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பெயர். விமானம் இன்றைக்குப் பறந்தாக வேண்டும் என்று ஒரு பக்கம் நெருக்கும். குறை நம்முடையது என்று எழுதிக் கொடுத்துவிடாதே என்று இன்னொரு பக்கம் நெருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் சுலபமான வழியாகத் தெரியும். பெரியப்பா இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்காகத்தான். பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும், சொன்னதை எழுதியும் வைத்துவிட வேண்டும்.

வெளியாள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைக்காதே. 1944இல் பசிபிக் போர்முனைக்கு ஒரு கம்பெனி ஆள் போனார். 1927இல் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய அதே சார்லஸ் லிண்ட்பெர்க். இந்த முறை யுனைடெட் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் தொழில்நுட்பப் பிரதிநிதி, முழுக்க முழுக்க சிவிலியன். நியூகினியில் 475ஆம் போர்விமானக் குழுவின் விமானிகளோடு பி-38 லைட்னிங் விமானத்தில் பறந்தார். எல்லோரும் ஒரே தூரம் போய்த் திரும்பினாலும் இவர் ஓட்டிய விமானத்தின் டேங்கில் மட்டும் பெட்ரோல் கூடுதலாக மிச்சம் இருந்தது. அதை முதலில் கவனித்தவர்கள் தரையில் வேலை பார்த்த மெக்கானிக்குகள். விசாரித்தபோது சூட்சுமம் வெளியே வந்தது: எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு 1600 வரை குறைப்பது, மேனிஃபோல்டு அழுத்தத்தைக் கூட்டுவது, பெட்ரோல் கலவையை மெலிதாக்குவது. அப்படி ஓட்டினால் எஞ்சின் பாழாகும் என்று விமானிகள் பயந்தார்கள். அவர் உட்கார்ந்து விளக்கினார், பறந்தும் காட்டினார். அந்த விமானங்கள் எட்டக்கூடிய தூரம் நூற்றுக்கணக்கான மைல் கூடியது. லிண்ட்பெர்க்கின் பெயர் பெரிய பெயர்தான். ஆனால் மீந்த பெட்ரோலைப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு என்று அந்த மெக்கானிக்குகள் போயிருந்தால் விஷயம் அவரோடேயே நின்றிருக்கும்.

இனி நாள்தோறும் நடக்கிற சின்னப் பிசகுகளுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் லூக் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2023 மார்ச் 15 அன்று அங்கே ஒரு எஃப்-35 விமானத்தின் எஞ்சினைத் தரையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டுவதற்கு முன் காற்று உள்ளே போகும் வாயில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். மெக்கானிக் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் கிடக்கவில்லை. பார்த்து முடித்தவர் டார்ச்சை அந்த வாயின் விளிம்பிலேயே வைத்துவிட்டார். எஞ்சின் ஓடியது. கருவிகள் எதிலும் எச்சரிக்கை வரவில்லை. அணைக்கும்போது மட்டும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. பிறகு டூல்களை எண்ணிப் பார்த்தால் டார்ச்சைக் காணோம். சேதம் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். அந்நியப் பொருள் இருக்கிறதா என்று தேடப் போன விளக்கே அந்நியப் பொருளாகி எஞ்சினுக்குள் போய்விட்டது. அந்த மெக்கானிக் தன் வேலையில்தான் கவனமாக இருந்தார் என்பதை மறந்துவிடாதே. கவனம் தேடுவதில் இருந்தது, கையில் இருந்ததன் மேல் இல்லை.

இதற்காகத்தான் டூல் பெட்டிக்குள் ஸ்பாஞ்சை ஒவ்வொரு டூலின் வடிவத்துக்கும் வெட்டிக் குழி செய்து வைத்திருப்பார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் அதன் குழியில் இல்லையென்றால், மூடியைத் திறந்த மாத்திரத்தில் வெறுங்குழி கண்ணில் படும். ஒவ்வொரு டூலிலும் எண் பொறித்திருக்கும். வேலை தொடங்கும்போது ஒரு எண்ணிக்கை, முடிந்ததும் ஒரு எண்ணிக்கை, ஷிஃப்ட் மாறும்போது இன்னொரு எண்ணிக்கை. ஒன்று குறைந்தாலும் அந்த விமானம் நகரக் கூடாது. இருட்டிவிட்டது, மழை வருகிறது, நாளைக்குத் தேடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. தொலைத்தவர் நீயாக இருந்தால் முதலில் வாயைத் திறக்க வேண்டியவளும் நீதான். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று நிற்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் சார்ஜெண்டிடம் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். திட்டு விழும், விழட்டும்.

நம் வீட்டுப் பெண் என்பதால் ஒன்று தனியாகச் சொல்கிறேன். தலையில் ஹேர்பின், துப்பட்டாவில் ஊக்கு, கையில் வளையல், விரலில் மோதிரம், காலில் கொலுசு, பூச்சரத்தைக் கோத்து வைக்கும் கொண்டை ஊசி, இதில் எதுவும் ஹேங்கருக்குள் வேண்டாம். காலையில் விமானப்படை ஆட்கள் வரிசையாகத் தோளோடு தோள் சேர்த்து, குனிந்த தலையோடு டாக்ஸி பாதையில் நடந்து போவதைப் பார்ப்பாய். கல், கம்பித்துண்டு, திருகாணி என்று கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்குவார்கள். அவர்கள் பொறுக்குகிற பையில் உன் ஊக்கு இருக்கக் கூடாது. மோதிரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏணியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் எதிலாவது மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். உங்கம்மா வெறுங்கையோடு போகாதே என்று சொல்வாள். அவளிடம் பெரியப்பா பேசிக்கொள்கிறேன். மேல்சட்டைப் பையில் பேனா வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடு. குனிந்தால் விழும்.

ஒரு துண்டு உலோகம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் பாரிஸில் 2000 ஜூலை 25 அன்று நடந்ததைப் படிக்க வேண்டும். முன்னால் போன வேறொரு விமானத்திலிருந்து கழன்று ஓடுதளத்தில் கிடந்த பட்டை, ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் நீளம். அதன்மேல் ஏறிய கான்கார்டின் டயர் வெடித்தது. 113 பேர் இறந்தார்கள்.

போன் விஷயத்தில் கேட்டில் இருப்பவர்கள் கடுமையாகத்தான் இருப்பார்கள். ஸ்மார்ட் வாட்சையும் சேர்த்துக் கழற்றி வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காதே. ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற செயலி, உலகம் முழுக்க மக்கள் ஓடிய வழிகளை ஒரே வரைபடமாக வெளியிட்டிருந்தது. 2018 ஜனவரியில் அதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஆப்கானிஸ்தான், சிரியா பாலைவனங்களின் இருட்டில் சில கோடுகள் தனியாக ஒளிர்வது தெரிந்தது. ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் தினமும் ஓடிய பாதைகள் அவை. யாரும் ரகசியத்தை விற்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளத்தான் ஓடினார்கள். முதல் சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில் பின்னால் விமானம் தெரிய ஒரு செல்ஃபி எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட உனக்கும் ஆசை வரும். பெரியப்பாவுக்குக்கூட அனுப்ப வேண்டாம்.

சாப்பாட்டு மிச்சத்தைக் கண்ட இடத்தில் கொட்டுவதும் இந்தச் சின்னப் பிசகுகளின் கணக்கில்தான் வரும். மிச்சம் இருந்தால் காக்கை வரும், பருந்து வரும். 2019 ஜூன் மாதம் அம்பாலாவில் புறப்பட்ட ஜாகுவார் போர்விமானம் ஒன்றின் மீது பறவைக் கூட்டம் மோதியது. விமானி வெளி டேங்குகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு விமானத்தைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவந்தார். புல் வெட்டுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள், மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவர்கள் என்று தளத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்கிற எளிய மனிதர்கள் பலர் இருக்கிறார்கள். விமானத்தின் பாதுகாப்பில் உன் பங்கு எவ்வளவோ அவ்வளவு அவர்கள் பங்கும். புல்வெட்டுகிற அம்மா ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து நீட்டினால், ஏன் இங்கே வந்தாய் என்று முதல் வார்த்தையே அதட்டலாக வந்துவிடக் கூடாது. எங்கே கிடந்தது என்று கேட்டு, அந்த இடத்துக்கே கூட நடந்து போய்ப் பார். அடுத்த முறையும் அவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

எழுதி வைப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. அதற்குப் பெரியப்பாவுக்குத் தெரிந்து குவாம் தீவில் நடந்ததைப்போல வேறு பாடம் இல்லை. 2008 பிப்ரவரி 23. ஆண்டர்சன் விமானப்படைத் தளத்திலிருந்து பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று கிளம்பியது. காற்றழுத்தத்தை அளக்க அதன் உடம்பில் 24 சென்சார்கள் உண்டு. தீவின் ஈரக்காற்றில் மூன்று சென்சார்களுக்குள் ஈரம் இறங்கியிருந்தது. புறப்படுமுன் அளவுகளைச் சரிசெய்தவர்கள் அந்த ஈரத்தோடு சேர்த்தே சரிசெய்துவிட்டார்கள். பிறகு வழக்கப்படி, சென்சார்களைச் சூடாக்கும் பிட்டோ ஹீட்டைப் போட்டதும் ஈரம் காய்ந்தது, சரிசெய்த அளவு தப்பாகிப் போனது. உண்மையான வேகம் 12 நாட் குறைவாக இருந்தும் போதுமான வேகம் வந்துவிட்டதாகத் திரை காட்டியது. தப்பான அளவை நம்பிய கம்ப்யூட்டர் மூக்கை 30 டிகிரி மேலே தூக்கியது. விமானம் தளர்ந்து இடது இறக்கை நுனி தரையில் உரச, இரண்டு விமானிகளும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள். 140 கோடி டாலர் விமானம் ஓடுதளத்தின் ஓரத்தில் எரிந்தது.

இதில் மனசை அறுப்பது வேறு. 2006இல் அதே தீவில் இருந்த குழுவினர் இந்த ஈரத் தொல்லையைப் பார்த்திருந்தார்கள். ஹீட்டை முதலில் போட்டுக் காயவைத்துவிட்டு அப்புறம் அளவைச் சரிசெய்தால் போதும் என்ற கைவைத்தியத்தையும் கண்டுபிடித்திருந்தார்கள். வாய்வழியே சிலருக்கு அது போய்ச் சேர்ந்தது, செய்முறைப் புத்தகத்தில் ஏறவில்லை. 2008இல் வேலை பார்த்தவர்களில் பலருக்கு அது தெரியாது. யாரும் சோம்பேறி இல்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. தெரிந்தவர்கள் ஊர் மாறிப் போனார்கள், அவ்வளவுதான்.

விமானப்படை ஆட்களுக்குச் சில வருஷத்தில் போஸ்டிங் மாறும். ஒரே விமானத்தோடு வருஷக்கணக்காக இருக்கப் போகிறவர்கள் கம்பெனி ஆட்கள்தான். ஆகவே இந்தக் கைவைத்தியங்களைக் காகிதத்தில் ஏற்றுகிற பொறுப்பு அவர்கள் தலையில் கூடுதலாக விழுகிறது. ஒரு குறையைப் புத்தகத்தில் இல்லாத வழியில் யாராவது தீர்த்தால், அந்த வழி சரிதானா என்று கம்பெனியின் டிசைன் ஆட்களிடம் எழுத்தில் கேள். சரி என்றால் அது செய்முறைக்குள் வரும்வரை விடாமல் நச்சரி. தப்பு என்றால் அதை அன்றைக்கே நிறுத்தச் சொல். இரண்டுக்கும் தேதி போட்டு நகல் வைத்துக்கொள். தளத்தின் விவரங்களைச் சொந்த நோட்டில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவராதே. அதற்கென்று அங்கே பதிவேடு இருக்கும், அதில்தான் எழுத வேண்டும்.

கண்ணால் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடாதே. வயதில் மூத்த ஒருவர், நான் பார்த்துவிட்டேன், நீ சும்மா போடு கண்ணு என்று பாசமாகத்தான் கேட்பார். அவர் கெட்டவராக இருக்க மாட்டார். 'நானும் ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் சார்' என்று எழுந்து போய்விடு. 1995 மே மாதம் ஜெர்மனியின் ஸ்பாங்டாலெம் தளத்தில் ஒரு எஃப்-15 புறப்பட்ட உடனே விழுந்து விமானி இறந்தார். கட்டுப்பாட்டுத் தண்டுகள் இரண்டு இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. அதே தவறு அதற்கு முன்பே வேறு எஃப்-15களில் நடந்து, பறப்பதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இடம் மாற்றிப் பொருத்த முடிகிற இரண்டு தண்டுகளை என்றைக்காவது யாராவது மாற்றித்தான் பொருத்துவார்கள். இரண்டாவது ஆளின் கண் அதற்காகத்தான்.

சேரும் அன்றைக்கு போலீஸ் சரிபார்ப்புக் காகிதம், ஆதார், கம்பெனியின் பணிக்கடிதம் மூன்றுக்கும் ஒரிஜினலோடு இரண்டு நகல் எடுத்துக்கொள். பாஸ் எந்தத் தேதி முடிகிறது என்று வாங்கிய நிமிடமே பார். முடிந்த பாஸோடு கேட்டில் நின்றால் அரை நாள் வீணாகும், உள்ளே ஒரு விமானமும் உனக்காகக் காத்து நிற்கும். கொஞ்சம் இந்தி பழகு. நேரத்தை 24 மணிக் கணக்கில் சொல்லப் பழகு. நைட் ஷிஃப்ட் இருந்தால் திரும்பி வர வண்டி யார் பொறுப்பு என்பதைப் பணிக்கடிதத்திலேயே எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடு. இன்சூரன்ஸ் யார் கட்டுகிறார்கள் என்பதையும் அப்படியே கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தோடு இங்கே வா, உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கலாம். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
பெரியப்பா