மாலைக் காய்ச்சலும் ஒரு சொட்டு சீரமும்

அன்பு மகளுக்கு,

டாக்டராவதா, ஆராய்ச்சிக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? வர்ஜினியா பாஸ்குவல் என்பவரைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

ஸ்பெயினில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மூட்டுவாதம் வந்த குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே, அதே ஊரில் ஆய்வகத்திலும் வேலை செய்தார். மூட்டுவாதம் தாத்தா பாட்டிக்கு வருவதாயிற்றே என்பாய். 16 வயதுக்குள் வருவதும் உண்டு, அதில் வகைகளும் பல. உடம்பு முழுவதையும் பிடித்தாட்டும் ஒரு வகைதான் மிகப் பொல்லாதது. லண்டனில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் 1897-லேயே அதைத் துல்லியமாக எழுதி வைத்துவிட்டார்.

மாலையானால் காய்ச்சல் 102, 103 என்று ஏறும். விடிந்தால் இறங்கிவிடும். காய்ச்சல் அடிக்கும்போது தோலில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். காய்ச்சல் விட்டதும் அவையும் போய்விடும். காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் கண்ணுக்கு ஒன்றுமே படாது. (அம்மாக்கள் சொல்வதை நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. இப்போது செல்போனில் படமாவது எடுத்துக் காட்டலாம்.) கழுத்தில் நெறி கட்டும், மண்ணீரல் வீங்கும். மூட்டு வீக்கம் சில வாரம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் தொற்றா, ரத்தப் புற்றுநோயா என்று சோதனைமேல் சோதனை. கடைசியில் ஸ்டீராய்டு. அது காய்ச்சலை அடக்கும்; ஆனால் மாதக்கணக்கில் கொடுத்தால் முகம் உப்பும், எலும்பு வலுவிழக்கும், பிள்ளை உயரமாக வளராது.

2000-ஐ ஒட்டி டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் வந்தன. மற்ற வகை மூட்டுவாதக் குழந்தைகள் பலர் எழுந்து நடந்தார்கள். இந்த வகைக் குழந்தைகளுக்கு அவ்வளவாகப் பலிக்கவில்லை. அப்படியென்றால் இங்கே தீ மூட்டுவது வேறு ஏதோ ஒன்று.

பாஸ்குவல் குழு செய்த சோதனை உனக்கே புரியும். நோயுற்ற குழந்தையின் ரத்தத்தை உறையவிட்டால், மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். அதை எடுத்து, நோயே இல்லாத ஒருவரின் வெள்ளணுக்களோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்த அணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டன என்று பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-1 என்னும் வேறொரு அழற்சிப் புரதம் சார்ந்தவை விழித்திருந்தன. ஆரோக்கியமான அணுக்களே அந்தப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கியிருந்தன. இன்டர்லூக்கின்-1 மிகச் சிறிய அளவிலேயே காய்ச்சலைக் கிளப்பக்கூடியது; ரத்தத்தில் நேராக அளந்து பிடிப்பது கடினம். அதனால் எனக்கு இந்தச் சுற்றுவழி மிகவும் பிடிக்கும். ஆளைக் காணோம் என்றதும், அவன் போன வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்திருக்கிறார்கள்.

இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா என்ற ஊசி அப்போதே கடையில் இருந்தது, பெரியவர்களின் முடக்குவாதத்துக்காக. வேறு மருந்துகளுக்கு மசியாத 9 குழந்தைகளுக்குத் தினமும் போட்டார்கள். 7 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. மற்ற இருவருக்கு ஓரளவு குறைந்தது. 2005-ல் கட்டுரை வெளிவந்தது.

ஒன்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஊசி போடாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. ஆகவே அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதே. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வுகள் 2012-ல்தான் வந்தன: இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் கனகினுமாப் ஒன்று, இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் இன்னொன்று. இரண்டுமே பலித்தன. பல பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தது.

எல்லாருக்கும் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் போய் மூட்டு வலி மட்டும் தங்கிவிடுகிறது. சிலருக்கு நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிப் போய் உயிருக்கே ஆபத்தாகிறது. விலையோ, நம் ஊர்க் குடும்பங்கள் பெருமூச்சு விடும் விலை. அந்தச் சீரத்தில் வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டது எது என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் நோய்த்தடுப்பு பாடத்தை முதலில் முடி. இந்தப் புரதங்கள் சைட்டோகைன் என்ற பெயரில் வரும் இடத்தில் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
சித்தப்பா