கணிப்பொறியில் பின்னணிச் சேவை: வணிகர் அறிய வேண்டியவை

காலையில் கடை திறந்தாயிற்று. கல்லாவில் வாடிக்கையாளர் நிற்கிறார். ஆனால் உள்ளறையில் இருக்கும் முக்கியக் கணிப்பொறியில் முதலாளி வந்து பாஸ்வேர்டு போடும்வரை பில் போட வழியில்லை. இதற்காகவே பல கடைகளில் முதலாளியின் பாஸ்வேர்டு கடைப் பையன் கைக்குப் போய்விடுகிறது. இது ஆபத்தானது; தேவையும் இல்லை.

விலைப்பட்டியலும் சரக்கு இருப்பும் அடங்கிய டேட்டாபேஸ் புரோகிராமை 'சர்வீஸ்' ஆக அமைத்தால், யாரும் உள்ளே நுழையாமலேயே, கணிப்பொறி கிளம்பியதும் அது ஓடத் தொடங்கும். ஆள் இல்லாத நேரத்திலும் ஓடும் ஃபிரிட்ஜைப் போன்றது இது. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. காலத்திலிருந்தே இவ்வசதி உண்டு.

செய்முறை:

1. ஸ்டார்ட் பட்டியலில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறக்கவும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் போன்றவை முறையாக நிறுவப்பட்டிருந்தால் பெயர் அங்கேயே இருக்கும்.

2. அதை இருமுறை தட்டி, 'ஸ்டார்ட்அப் டைப்' என்பதில் 'ஆட்டோமேட்டிக்' வைக்கவும்.

3. 'ரெக்கவரி' பக்கத்தில், நின்றுபோனால் மீண்டும் தொடங்குமாறு 'ரீஸ்டார்ட்' தேர்ந்தெடுக்கவும்.

4. 'லாக் ஆன்' பக்கத்தில் முதலாளியின் கணக்கைக் கொடுக்க வேண்டாம். அவர் பாஸ்வேர்டை மாற்றினால், இங்கும் மாற்றாதவரை சர்வீஸ் கிளம்பாது. டேட்டா இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும் உரிமையுள்ள தனிக்கணக்கே நல்லது.

எல்லாப் புரோகிராமையும் அப்படியே சர்வீஸ் ஆக்கிவிட முடியாது. விண்டோஸ் அழைக்கும்போது உரிய பதில் தராத புரோகிராம் '1053' என்ற பிழையுடன் நின்றுவிடும். அதற்கு என்.எஸ்.எஸ்.எம். போன்ற துணைப் புரோகிராம் வேண்டும். விண்டோஸ் விஸ்டா முதல், சர்வீஸ் நம் திரையில் கேள்வி கேட்கவும் இயலாது. ஆகவே பில் அடிக்கும் திரையை விட்டுவிட்டு, பின்னால் இயங்கும் டேட்டாபேஸை மட்டும் சர்வீஸ் ஆக்குங்கள்.

முடித்தபின் சோதித்துப் பார்ப்பது அவசியம். முக்கியக் கணிப்பொறியை ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்டு போடாமல் விட்டுவிட்டு, கல்லாக் கணிப்பொறியில் ஒரு பில் போட்டுப் பாருங்கள். பில் வந்தால் அமைப்பு சரி. அது தானே தூங்கிவிடாதபடி 'ஸ்லீப்' வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

சர்வீஸ் ஓடுகிறது என்பதற்காக அன்றாட பேக்கப்பை விட்டுவிடலாகாது. கணக்கைக் காப்பது நம் பொறுப்பே.