மார்பகச் சீரமைப்புக்குப் பின் சிலிக்கோன் பை இடம் மாறினால்



மார்பகப் புற்றுநோயைக் குறித்து முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியபோது, கட்டியை அகற்றியதோடு காரியம் முடிந்துவிடுவதுபோல எழுதிவிட்டோம். அது சரியல்ல என்பதைப் பேரையூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சம்மதத்தோடு, பெயரும் ஊரும் சொல்லாமல், இந்த மாதப் பாடத்தை எழுதுகிறோம். சபையில் பேசக் கூச்சப்படும் விஷயம்தான். அந்தக் கூச்சத்தினாலேயே அவர் எட்டு மாதம் தனியாக வேதனைப்பட்டார் என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

அவர் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைப்பவர். நான்கு வருடங்களுக்கு முன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் இடது மார்பகம் அகற்றப்பட்டு, அதே இடத்தில் சிலிக்கோன் பை வைக்கப்பட்டது. வெளியூர் மில்லில் வேலை பார்க்கும் மகன் கடன் வாங்கிச் செய்த வைத்தியம். முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு பை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அக்குள் பக்கமாகச் சாய்ந்தது. வியாதி திரும்பிவிட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருவார். பெரும்பாடுள்ள ஸ்திரீயாவது ஒருவருக்கும் தெரியாமல் கூட்டத்துக்குள் வந்தாள். இவர் அப்படிக்கூட வரவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர்தான் கையைப் பிடித்து நம் மருத்துவக் குழுவிடம் அழைத்து வந்தார். "சிஸ்டர், வியாதி திரும்பிருச்சா? ஒளிக்காமச் சொல்லுங்க" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

திரும்பவில்லை. பை இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் ஏன் நகர்கிறது என்பதும் புரியும். சிலிக்கோன் பையை முதன்முதலில் ஒரு பெண்ணின் மார்பில் வைத்தவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து டாக்டர்கள் குரோனினும் ஜெரோவும், வருடம் 1962. தோலுக்கு அடியிலோ மார்புத் தசைக்கு அடியிலோ ஓர் அறை உண்டாக்கி அதில் பையை வைக்கிறார்கள். அன்னியப் பொருள் ஒன்று உள்ளே வந்ததும் சரீரம் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். பையை இடத்தில் நிறுத்திவைப்பதில் இந்த உறைக்குப் பெரும் பங்கு உண்டு. உறை தளர்ந்தாலோ, அறை பையைவிடப் பெரிதாக இருந்தாலோ, பையின் கனத்தைத் தாங்க முடியாமல் மேல்தோல் மெலிந்திருந்தாலோ பை நகரும். தையல் விட்ட சுருக்குப்பையில் சில்லறையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேருவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு உறை தடித்துச் சுருங்கி, பையை இறுக்கி மேலே தூக்கிவிடலாம். மார்பு கல்லைப்போலக் கெட்டியாகி வலிக்கும். இன்னும் சிலருக்கு, கண்ணீர்த்துளி வடிவத்தில் செய்த பை உள்ளுக்குள்ளேயே திரும்பிக்கொண்டு உருவம் கோணலாகிவிடும்.

நம் பகுதிப் பெண்கள் முக்கியமாக அறியவேண்டியது மற்றொன்று. பை தசைக்கு அடியில் இருந்தால், மார்புத் தசை இறுகும்போதெல்லாம் அது அசையும். மண்வெட்டி பிடிக்கும்போதும், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போதும் மார்பு மேலும் பக்கவாட்டிலும் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு இது சிறிய தொந்தரவு. நாள் முழுவதும் கை வேலை செய்கிறவருக்கு அப்படியல்ல. இதைச் சரிசெய்ய, பையைத் தசைக்கு மேலே, தோலுக்கு அடியில் மாற்றி வைக்கலாம். மூடுவதற்குப் போதிய கனமுள்ள தோல் இருக்கவேண்டும்.

ஆகவே மருத்துவர் முதலில் கத்தியை எடுப்பதில்லை. நிற்கவைத்து, படுக்கவைத்து, கைகளை உயர்த்தச் சொல்லி, இடுப்பில் அழுத்தச் சொல்லிப் பார்க்கிறார். பை எந்தத் திசையில், எதனால் போனது என்று தெரியாமல் செய்யும் சிகிச்சை நிலைக்காது. பை கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார். புதிதாகக் கட்டி தென்பட்டாலோ, பல வருடம் கழித்து மார்பு திடீரென்று வீங்கினாலோ அதைத் தனியாகச் சோதிக்கவேண்டும். சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி அபூர்வமாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரியவந்ததால், அப்படிப்பட்ட பைகளில் ஒரு வகையை 2019-ல் அதைத் தயாரித்த நிறுவனம் உலகமெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயமுறுத்த இதை எழுதவில்லை. எந்த வகைப் பை வைத்தார்கள் என்று குறித்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்பதற்காக எழுதுகிறோம். நம் சகோதரி அந்த அட்டையை வேதாகமத்துக்குள் வைத்திருந்தார்!

அவருக்கு மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் ஒருவர் செய்தது இதுதான். பழைய தழும்பின் வழியாகவே திறந்து பையை வெளியே எடுத்தார். கீழ்ப்புறத்திலும் அக்குள் பக்கத்திலும் விரிந்துபோன உறையை, கரையாத நூலால் மார்பின் உறுதியான திசுவோடு சேர்த்துத் தைத்து அறையைச் சுருக்கினார். சற்றுச் சிறிய புதுப் பையை உள்ளே வைத்தார். திசு மிகவும் மெலிந்திருந்தால் வலையோ, பதப்படுத்திய தோல் திசுவோ வைத்துத் தாங்கு கொடுப்பதுண்டு, இவருக்குத் தேவைப்படவில்லை. கதிர்வீச்சில் இறுகிய மார்பாக இருந்திருந்தால் வழியே வேறு. உறையை அகற்றிவிட்டு, முதுகிலிருந்தோ அடிவயிற்றிலிருந்தோ அவரவர் சொந்தத் திசுவைக் கொண்டுவந்து மார்பகம் அமைப்பது பலருக்கு நன்மையாக இருக்கும். முதுகுத் தசையை இதற்குப் பயன்படுத்தும் முறையை இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-லேயே எழுதி வைத்திருக்கிறார். அடிவயிற்றுத் திசு முறையை அமெரிக்க மருத்துவர் ஹார்ட்ராம்ப் 1982-ல் வெளியிட்டார். சொந்தச் சரீரத்தின் திசு காலப்போக்கில் அந்த இடத்தோடு ஒட்டிப்போகும். அறுவை மட்டும் பெரிது, காயமும் இரண்டு இடத்தில்.

இனிமேல்தான் நாங்கள் சொல்லவந்த காரியம். அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அந்தத் தையல் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய ஆறு வாரம் வேண்டும். அதுவரை தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடையை இரவும் பகலும் அணியவேண்டும். குடம் தூக்கக்கூடாது, மாவு பிசையக்கூடாது, காட்டு வேலை கூடவே கூடாது. இதைக் கேட்டதும் சகோதரி வாங்கிய சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஆறு வாரம் சும்மா உக்காந்தா கஞ்சி யாரு ஊத்துவா?" என்றார். பருத்தி வெடித்து நிற்கும் சமயம். அவர் சொன்னது நியாயம் என்றே எங்களுக்குப் பட்டது. தையல் போட்ட மறுவாரம் பாரம் தூக்கினால் எல்லாம் பிரிந்துவிடும். அப்படியானால் அறுவை செய்யாதிருப்பதே மேல்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையிலிருந்து அந்த ஆறு வாரத்துக்கு அரிசியும் பருப்பும் வாங்கிக் கொடுத்தோம். உள்ளாடை இரண்டு வாங்கினோம். தண்ணீர் சுமப்பதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்த அக்காமார்களைப் பாராட்டாமல் இருக்கமுடியவில்லை, ஒருநாள்கூடத் தவறவில்லை.

அழகுக்காகச் செய்யும் காரியத்துக்குக் காணிக்கைப் பணமா என்று சபையார் ஒருவர் எங்களிடம் கேட்டார். கேட்டது நல்லதே. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைகளை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யத் தொடங்கியபோதும் பத்திரிகைகளில் இதே கேள்வி எழுந்தது. இடம் மாறிய பையைப் பொறுத்தமட்டில் எங்கள் பதில் இது: விட்டுவிட்டால் தோல் மெலிந்து பை வெளியே தெரியுமளவுக்குப் போகலாம், வலியும் இருக்கும். பை வேண்டாம் என்று எடுத்துவிட்டு, பருத்தி நூலில் பின்னிய செயற்கை மார்பகத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளும் சகோதரிகளும் உண்டு. அதுவும் நல்ல தீர்மானமே, அவர்களையும் அப்படியே உபசரிக்கிறோம். தீர்மானிக்கவேண்டியவர் அந்தப் பெண்தான்.

சரிசெய்த பை மறுபடியும் நகரக்கூடும். பை ஆயுசுக்கும் வருவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சகோதரிக்கு இப்போதும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். துண்டு தோளில் இல்லை.

ஜெபக்குறிப்பு: இதே குறையோடு இன்னும் இரண்டு சகோதரிகள் காத்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. மற்றவர், மக்காச்சோள அறுப்பு முடியட்டும், பிறகு வருகிறேன் என்கிறார்.