கீழ்வீட்டில் ஊறுவது எந்தத் தண்ணீர்?

பெங்களூர் நீலசந்திராவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தரைத்தளத்தில் லீசுக்கு இருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), அதை ஒட்டினாற்போல் ஹால். ஹால் மூலையில் டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஊறுகிறது. துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஈரம். வீட்டுக்காரர் "மேல்வீட்டு பாத்ரூம்தான்" என்கிறார். பிளம்பர் "சம்ப் கிராக் விட்டிருக்கு" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா "இது ஏரித் தண்ணி பாயுற பூமிம்மா, ஆதியிலேர்ந்து இப்படித்தான்" என்கிறார். மேஸ்திரி மட்டும் காரணமே கேட்கவில்லை. சுவரைக் கொத்தி வாட்டர்புரூஃபிங் செய்ய எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எஸ்டிமேட்டை ஓரமாக வையுங்கள். மற்ற மூவர் சொன்னதும் அந்தப் பகுதியில் நடக்கக்கூடியதுதான். பெரியம்மாவின் பேச்சைக் கூடத் தள்ளிவிட முடியாது. சாந்திநகர்ப் பக்கம் இன்று ஹாக்கி மைதானம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் அக்கிதிம்மனஹள்ளி ஏரி. சாந்திநகர் பஸ் டிப்போ பக்கமாக வரும் ராஜகால்வாய் என்ற பெரிய மழைநீர் வடிகால் ஈஜிபுரா, கோரமங்களா வழியாக பெள்ளந்தூர் ஏரிக்குப் போகிறது. அது ஓடும் இந்தப் பள்ளத்தாக்கில் மழைநீரின் ஓட்டம் நம் வீடுகளுக்கு முந்தியது. போதாததற்கு, ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து பழைய வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் சந்துகளில் நம் சுவரில் வரும் ஈரம் அடுத்தவர் குழாயிலிருந்தும் வரலாம்.

பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள், படகின் அடிப்பள்ளத்தில் எதிர்பாராமல் தண்ணீர் தேங்கியிருந்தால் ஓட்டையைத் தேடுவதற்கு முன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் படகிலுள்ள குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறது, அல்லது மேலிருந்து மழை இறங்குகிறது. பாதித் தேடல் அந்த ஒரு சொட்டிலேயே முடிந்துவிடும். நமக்கு நாக்கு வேண்டாம். வந்திருப்பது சாக்கடையாகவும் இருக்கலாம். ஆனால் முறை அதேதான். எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். நீலசந்திரா வீட்டுக்குள் வரக்கூடியவை நான்கே: நகரக் குழாயில் வரும் காவேரி, போர் அல்லது டேங்கர் தண்ணீர், கழிவுநீர், மழையும் மண்ணின் ஊற்றும்.

முதலில் இடத்தை நன்றாகத் துடைத்து ஃபேன் போட்டு உலர்த்துங்கள். பழைய ஈரத்தில் சிமெண்ட் உப்பும் அழுக்கும் கரைந்திருக்கும், அதைச் சோதித்துப் பயனில்லை. புதிதாக ஊறியதை, மெடிக்கலில் கிடைக்கும் சிரிஞ்சை ஊசி இல்லாமல் வைத்து டைல்ஸ் இடுக்கிலிருந்து உறிஞ்சி ஒரு தம்ளரில் சேருங்கள். கால் தம்ளர் போதும். இன்னொரு தம்ளரில் காவேரிக் குழாய்த் தண்ணீர், மூன்றாவதில் சம்ப்புத் தண்ணீர், போர் இருந்தால் நான்காவதில் அது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். பெங்களூரில் காவேரி பெரும்பாலும் 300-க்குள் காட்டும். போர் தண்ணீர் பல இடங்களில் 600, 800 என்று போகும், ஆயிரத்தையும் தாண்டும். ஊறிய தண்ணீர் காவேரியை ஒட்டிய எண்ணைக் காட்டினால், அதுவும் மழையில்லாத நாளில் காட்டினால், அது பெரும்பாலும் காவேரிதான். குழாயிலிருந்தோ சம்ப்பிலிருந்தோ வருகிறது. எண் மிக அதிகமாக இருந்தால் உடனே போர் என்று முடிவு கட்டாதீர்கள். மண்ணிலும் சிமெண்டிலும் நீண்ட தூரம் ஊறி வந்த காவேரியும் உப்பைச் சுமந்துகொண்டு அப்படிக் காட்டும், கழிவுநீரும் காட்டும்.

அதே தண்ணீரில் குளோரின் சோதனைச் சொட்டு இரண்டு விடுங்கள். நீச்சல்குளச் சாமான் விற்கும் கடைகளில் ஆர்த்தோ டோலிடின் என்று கேட்டால் தருவார்கள். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஊறியதில் மஞ்சள் தெரிந்தால் ஓட்டை பக்கத்திலேயே இருக்கிறது. மஞ்சள் வராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. மண் குளோரினைத் தின்றிருக்கும். மிச்சத் தண்ணீரைப் பாட்டிலில் மூடி ஒரு மணி நேரம் வைத்துத் திறந்து மோந்து பாருங்கள்; நாறினால் கழிவுநீர். குலுக்கினால் நுரை நின்றால் சோப்புத் தண்ணீர், அதாவது பாத்ரூமோ சாக்கடையோ.

அடுத்தது நேரம். ஈரத் திட்டின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்திலேயே கிழமையும் மணியும் எழுதுங்கள். காலை, மத்தியானம், படுக்கப் போகுமுன் என்று ஒரு வாரம் செய்தால் சுவரே கணக்கு நோட்டு ஆகிவிடும். வாட்டர்மேன் வால்வு திறக்கும் நாளில் மட்டும் கோடு விரிந்தால் மெயினிலிருந்து வரும் குழாய். தினமும் காலை 7 முதல் 10 வரை விரிந்தால் மேல்வீட்டுக் குளியல். மழை விட்டு அரை நாள் கழித்து விரிந்தால் மொட்டை மாடியோ வெளிச் சுவரோ. எப்போதும் ஒரே அளவில் நின்றால் சம்ப் அல்லது மண்.

வாசகியின் வீட்டில் சம்ப் சுவரை ஒட்டியே இருப்பதால் அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சம்ப்பை விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, உள்ளே வரும் வால்வை மூடி, மோட்டார் சுவிட்சில் "போடாதே" என்று காகிதம் ஒட்டுங்கள். ஒரு நீளக் குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். இரவு பத்து மணிக்குக் குறித்தால் காலை பத்துக்குப் பாருங்கள். எவ்வளவு போயிருக்கிறது என்பதற்குக் கணக்கு எளிது: உள்நீளம் 2 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 30 லிட்டர். மூடி போட்ட சம்ப்பில் ஆவியாகிப் போச்சு என்ற சமாதானம் எடுபடாது. இறங்கிக்கொண்டே வந்து ஓர் உயரத்தில் நின்றுவிட்டால் விரிசல் அந்த உயரத்தில்தான். பெரும்பாலும் அங்கே ஒரு குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம் இருக்கும். வழவழப்பான பிவிசி குழாயைச் சிமெண்ட் இறுகப் பிடிப்பதில்லை. சம்ப்புகளில் நான் பார்த்த ஒழுகல்களில் மிகுதி அந்த வளையத்தில்தான்.

மட்டம் இறங்காமல் ஏறியிருந்தால்? அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். வெளித் தண்ணீர் உங்கள் குடிநீருக்குள் வருகிறது. ஒரு நிரபராதிக் காரணம் உண்டு: மோட்டாரின் ஃபுட் வால்வு பழுதாகி, மேல் டேங்கில் அடிப்பக்கம் சேர்த்த குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்குவது. மேல் டேங்க்கும் குறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அது இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ குழாயைப் பாருங்கள். பல வீடுகளில் அதைத் தெரு மோரிக்குள் விட்டிருக்கிறார்கள். மோரி நிரம்பினால் சாக்கடை அதே வழியாகச் சம்ப்புக்கு வரும். குழாயை மோரிக்கு மேலே வெட்டி விட்டு, வலை கட்டுவது ஒரு மணி நேர வேலை. சம்ப் வாய் தரைமட்டத்தில் இருந்தால் அரையடி உயரத்துக்கு ஒரு கட்டையும் கட்டுங்கள். வாசல் கழுவும் தண்ணீர் உள்ளே போகாது.

எக்காரணம் கொண்டும் சம்ப்புக்குள் நீங்களோ பிள்ளைகளோ இறங்க வேண்டாம். காற்றோட்டமில்லாத குழி, பக்கத்தில் மோட்டார் வயர். இறங்கித்தான் ஆகவேண்டிய வேலைக்கு, மெயின் அணைத்து, மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஆள் கயிற்றைப் பிடித்து நிற்க, பழகிய ஆள்தான் இறங்க வேண்டும். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

சம்ப் சரியாக இருந்தால் மீட்டரிலிருந்து சம்ப் வரையிலான குழாய்க்கு வாருங்கள். காவேரி வரும் நேரத்தில் சம்ப் வால்வை மூடி, வீட்டில் ஒரு குழாயும் திறக்காமல், மீட்டர் கண்ணாடிக்குள் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரத்தைப் பாருங்கள். தண்ணீர் திறந்த முதல் சில நிமிடம் காற்றும் அதைச் சுழற்றும், பொறுங்கள். அதன் பிறகும் சுழன்றால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே ஒழுகுகிறது, அதற்குரிய பில்லும் உங்களுடையதுதான். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீர் உங்கள் ஹால் தரையடியில் போகிறது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஓட்டை இரண்டு பக்கமும் வேலை செய்யும். தண்ணீர் வரும்போது வெளியே தள்ளும், வால்வு மூடி அழுத்தம் இறங்கினால் சுற்றியுள்ள சேற்றை உள்ளே இழுக்கும். 2022 செப்டம்பர் 4, 5-இல் நகரத்தில் 131.6 மி.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும்; அதே சமயத்தில் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையத்திலும் வெள்ளம் புகுந்து காவேரி நின்றுபோனது. தெருவெல்லாம் சாக்கடை, குழாய்க்குள் வெறுமை. ஓட்டைக் குழாய் உள்ள வீடுகளுக்கு அதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. தண்ணீர் வந்த முதல் பத்து நிமிடம் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்தால் அதைச் சம்ப்பில் விடாமல் வெளியே விடுங்கள். குடிநீர் வாரியத்தின் 1916-க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தெருக் குழாய் ஒழுகலும் சேம்பர் பொங்குவதும் அவர்கள் வேலை, உங்கள் மேஸ்திரியின் வேலையல்ல.

மேல்வீட்டின் மேல் சந்தேகம் விழுந்தால் சண்டைக்குப் போகாமல் சோதனைக்குக் கூப்பிடுங்கள். "அக்கா, நாளைக்கு நீங்க வெளியூர் போறீங்கல்ல, அன்னிக்கு பாத்ரூம்ல ஒரு டெஸ்ட் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள். தரையில் தண்ணீர் போகும் நஹானி டிராப் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, தரையில் இரண்டு விரற்கடைத் தண்ணீரில் கேசரிப் பவுடர் கரைத்து நிறுத்துங்கள். சில மணி நேரத்தில் கீழே நிறம் தெரிந்தால் தரை. தெரியாவிட்டால் அடைப்பை எடுத்து, நிறத் தண்ணீரைக் குழாயில் விடுங்கள். இப்போது தெரிந்தால் டிராப் மூட்டு. கடைசியாகத்தான் சுவரில் ஷவர் அடிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் எது ஒழுகியது என்று தெரியாமல் எல்லாவற்றையும் உடைக்க வேண்டிவரும்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் பெரியம்மாவுக்கு வெற்றி. உலர்ந்த தரையில் ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாக நீர் நின்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே மட்டும் நனைந்தால் அது ஓதம்கூட இல்லை. மழைக்கால ஈரக்காற்று குளிர்ந்த தரையில் படிவது, ஜன்னலைத் திறந்தால் சரியாகும். மண் ஈரம் சுவரில் ஏறினால் ஏறத்தாழ மூன்றடிக்குள் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். இதற்கு உள்பக்கம் பெயிண்டோ கோட்டிங்கோ அடிப்பது பணத்தைச் சுவரில் பூசுவது; ஈரம் அதற்கு மேலே ஏறி வெளிவரும். வெளிச் சுவரடியில் தண்ணீர் தேங்காமல் சரிவு போடுவதும், மூடிக்கிடக்கும் மோரியைத் திறப்பதும்தான் பலன் தரும். முழுதாக நிற்காது, குறையும்.

சம்ப்புக்கு மட்டும் உள்பக்கப் பூச்சு சரியான வைத்தியம், ஏனென்றால் தண்ணீர் நிற்பதே உள்ளேதான். காலி செய்து, தேய்த்து, விரிசலை வி வடிவில் கொத்தி, சுருங்காத சிமெண்ட் கலவையால் அடைத்து, அதன் மேல் பூச்சு. குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

லீஸ் வீட்டில் செலவு யாருடையது என்ற கேள்வி கட்டாயம் வரும். பென்சில் கோடுகளையும் நான்கு தம்ளர் எண்களையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பேச்சு வேறு மாதிரி போகும். வேலை முடிந்ததும் அன்றைக்கே டைல்ஸ் ஒட்ட மேஸ்திரி அவசரப்படுவார். விடாதீர்கள். இரண்டு காவேரி நாளும் ஒரு நல்ல மழையும் தாண்டி அந்த மூலை உலர்ந்தே இருந்தால் கூப்பிட்டு ஒட்டச் சொல்லுங்கள், அதுவரை அவருக்குத் தர வேண்டியதில் கொஞ்சம் பாக்கி நிற்கட்டும்.