மூன்று மணிக்கு வரும் விழிப்பு

வயது 41. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மாமியார் பக்கவாதத்தில் படுத்து மூன்று மாதம் ஆகிறது. இரவில் நான்தான் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறேன். நாத்தனார் வந்து பார்த்துக்கொண்ட நாளிலும் எனக்கு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. பிறகு தூக்கமே இல்லை. குக்கர் விசில் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறதாம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ டாக்டர்?
— ஆர்.எம்., கரூர்

பிடிக்காது அம்மா. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். இது தூங்க விடாமல் வேலை வாங்கப்பட்ட உடம்பின் களைப்பு.

ஆபத்து வந்தால் எதிர்கொள்ள, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் (நெருக்கடி நேரத்தில் உடம்பை முடுக்கிவிடும் சுரப்புநீர்கள்) இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கும், தசை இறுகும். ஆபத்து நீங்கினால் இதெல்லாம் அடங்க வேண்டும். உங்களுக்கு அடங்க நேரமே கிடைக்கவில்லை. அதனால்தான் விசில் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போடுகிறது. விடியலை நெருங்கும்போது கார்ட்டிசால் யாருக்குமே ஏறத் தொடங்கும். போதாக்குறைக்கு, மூன்று மாதமாக அந்த நேரத்தில் எழுந்து எழுந்து உடம்பு அதைப் பழகிக்கொண்டது.

விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள், செல்போனைத் தொடாதீர்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை நீட்டி விடும்போது வேகஸ் நரம்பு (மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் நரம்பு) நெஞ்சுத் துடிப்பைத் தணிக்கும். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் சத்தில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கவே கூடாது.

ஆனால் மூச்சுப் பயிற்சி மட்டும் உங்களைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும், உண்மைதான். அதை நீங்கள் ஒருவரே செய்ய வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். வாரத்தில் நான்கு இரவு அவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நாட்களில் நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுங்கள். காற்று மெத்தை வாங்கினால் புண் வரும் அபாயம் குறையும். 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (தசைக்கும் மூட்டுக்கும் தரும் பயிற்சி) தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதியுங்கள்.

ஒரு மாதத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒரு தரம் தலைகாட்டினாலும் காத்திருக்காமல் 14416-க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.