அயடீன் இட்ட அடையாளம்

தமிழாசிரியன் விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ எனப் பழைய மாணவர் சிலர் ஐயுறக்கூடும். விஞ்ஞானமும் தமிழிற் கற்பிக்கப்படுகின்றதாதலின், அதன் கலைச்சொற்களை விளக்குதல் தமிழாசிரியனுக்கும் உரிய பணியே என்பது என் துணிபு. இரண்டு காரணப்பெயர்களை இங்கு எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று பிறபொருளெதிரி, மற்றது சமதானி.

உடலினுட் புகும் கிருமி முதலிய பிறபொருள்களை இனங்கண்டு பற்றும் புரதமே பிறபொருளெதிரி. ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனக்குரிய பொருளையே நாடிப் பற்றும். இனி, ஆவர்த்தன அட்டவணையில் ஒரே தானத்தைப் பெறும் அணுவகைகள் சமதானிகள் எனப்படும். இயற்கையில் உள்ள நிலையான அயடீனின் திணிவெண் 127. திணிவெண் 125, 131 ஆகியவற்றை உடைய அயடீன்களோ கதிர்த்தொழிற்பாடுடையவை. எனினும் இரசாயன இயல்பில் இவை யாவும் ஒன்றே.

பிறபொருளெதிரி கண்ணுக்குப் புலனாவதன்று. அது எங்கே சென்றது, எவ்வளவு பற்றியது என அறிய வேண்டுமாயின், அதற்கோர் அடையாளம் இடல் வேண்டும். 1948ஆம் ஆண்டிற் பிரெஸ்மன், கீலி என்போர், எலியின் சிறுநீரகத்துக்கு எதிராக உண்டாக்கப்பட்ட பிறபொருளெதிரியில் அயடீன்-131ஐ இணைத்து எலிகளுக்கு ஏற்றினர். கதிர்த்தொழிற்பாடு சிறுநீரகத்திற் சென்று தங்கியமை கண்டனர். பின்னர் 1968இல் மைல்ஸ், ஹேல்ஸ் என்போர், அடையாளமிட்ட பிறபொருளெதிரிகளைக் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை வெளியிட்டனர்.

அடையாளம் இடுமாறு யாது? புரதங்களில் தைரோசின் என்னும் அமினோவமிலம் உண்டு. அதன் வளையத்திலுள்ள ஐதரசன் அணு ஒன்றை நீக்கி, அவ்விடத்தில் அயடீன் அணு அமரக்கூடும். ஆயின், சோடியம் அயடைட்டாகக் கிடைக்கும் அயடீன் அந்நிலையில் இணையாது. அதனை ஒட்சியேற்றல் வேண்டும். 1962இல் ஹன்ரர், கிறீன்வுட் என்போர் வளர்ச்சி ஓமோனுக்கு அடையாளமிட, குளோரமீன்-தி என்னும் ஒட்சியேற்றியைக் கையாண்டனர். அம்முறை பிறபொருளெதிரிகளுக்கும் பயன்படலாயிற்று. ஒட்சியேற்றியைச் சேர்த்துச் சிறிது நேரத்துக்குள், பலவேளைகளில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே, தாழ்த்தும் பொருளொன்றை இட்டுத் தாக்கத்தை நிறுத்துவர். பின்பு கலவையை நுண்துளை மணிகள் நிறைந்த குழாயூடாகச் செலுத்துவர். பெரிய மூலக்கூறாகிய பிறபொருளெதிரி மணிகளின் துளைகளினுட் புகாது முன்னே வெளிவரும். இணையாத அயடைட்டுத் துளைகளிற் புகுந்து தாமதித்துப் பின்னே வரும்.

அவசரமாக நிறுத்துவது ஏன்? ஒட்சியேற்றி அயடீனை மாத்திரமன்றிப் புரதத்தையும் தாக்கும் என்பதே காரணம். அன்றியும், பிறபொருளைப் பற்றும் இடத்திலேயே தைரோசின் இருந்து, அதில் அயடீன் அமருமாயின், பற்றும் ஆற்றல் குன்றும். கதிரெண்ணியிற் பெரிய எண் தோன்ற வேண்டும் என்னும் ஆசையால் அயடீனை மிகுதியாக ஏற்றுபவன், பொருளை இழந்து அடையாளத்தை மாத்திரமே பெறுவான். ஆதலின் ஒரு மூலக்கூற்றுக்குச் சராசரி ஓர் அயடீன் அணு, அல்லது அதனினும் குறைவு என்னும் அளவையே பலரும் விரும்புவர். இத்தீங்கைக் குறைக்கவே வேறு முறைகளும் தோன்றின. 1973இல் வெளிவந்த போல்ற்றன்-ஹன்ரர் முறையில், அயடீன் முன்னரே வேறொரு சேர்வையில் ஏற்றப்பட்டுப் பின்னர் புரதத்துடன் இணைக்கப்படும். புரதம் ஒட்சியேற்றியை அணுகுவதே இல்லை.

எச்சமதானியைத் தெரிவது என்பதும் சிந்தித்தற்குரியது. அயடீன்-131இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 8 நாள்; அயடீன்-125இனது ஏறத்தாழ 60 நாள். பின்னதன் கதிர்வீச்சு வலிமை குறைந்தது. ஆதலின் ஆய்வுகூடத்திற் பெரும்பாலும் அதுவே விரும்பப்படும். இன்று இன்சுலின் முதலியவற்றை அளக்கும் வைத்தியசாலைச் சோதனைகள் பலவற்றில், நொதியமும் ஒளிரும் பொருள்களும் அயடீனின் இடத்தைப் பெற்றுவிட்டன. ஆயினும், மிகச் சிறிய அளவுகளைத் திட்டமாக அளக்க வேண்டிய ஆராய்ச்சிகளில் அயடீன் இன்னும் கைவிடப்படவில்லை.

மாணவர் மறவாதிருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. சமதானிகள் இரசாயன இயல்பில் ஒன்றே என்றோம். அவ்வொற்றுமையை ஆய்வாளன் பயன்படுத்துகின்றான். அவனுடைய தைரொயிட்டுச் சுரப்பியும் அவ்வாறே செய்யும். உடலினுட் சென்ற கதிர் அயடீனை வேற்றுப்பொருளென அறியாது, தனக்கு வேண்டிய உணவென்றே அது சேமித்து வைக்கும். அயடைட்டுக் கரைசலில் அமிலம் சேருமாயின் அயடீன் ஆவியாக எழக்கூடும். ஆகையால் இவ்வேலையைக் காற்றிழுக்கும் அடைப்பினுள்ளேயே செய்வர், கையுறை அணிவர், வேலை செய்தோரின் கழுத்தருகே கதிரெண்ணியை வைத்துச் சோதிப்பர்.

வேலை முடிந்ததும் ஆய்வாளன் செய்யவேண்டிய இறுதிச் சோதனை எளியது. அடையாளமிட்ட பிறபொருளெதிரியில் எவ்வளவு பங்கு இன்னும் தன் பொருளைப் பற்றுகின்றது எனப் பார்த்தலே அது. அச்சோதனையைச் செய்யாதவன் கதிரெண்ணியில் எண்களைக் காண்பான். அவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன என அறியான். நம் கல்லூரியிலிருந்து ஆய்வுகூடங்களுக்குச் செல்லும் இளைஞர், எண்ணை நம்புமுன் அதனைத் தந்த பொருளைச் சோதிக்கும் வழக்கத்தையும் உடன்கொண்டு செல்வாராக.