‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடலாமா? – மறதி நோய் பற்றி ஒரு பாடம்



இந்த மாதப் பாடத்தை ஒரு சண்டையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நம் பகுதிக் குழு ஒன்றில் நடந்தது. ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். அந்தக் குழுவில் பல வருஷம் ஊக்குநராக இருந்த அக்காவுக்கு வயது 63. கடனுக்கு எவ்வளவு வட்டி என்று கேட்டால் பேனா எடுக்காமலே சொல்லிவிடுவார். ஒரு கூட்டத்தில், “இந்த மாசச் சேமிப்பை நான் அப்பவே கட்டிட்டேன்” என்றார். நோட்டில் பதிவு இல்லை. அடுத்த மாதமும் அதே பேச்சு. அதற்கடுத்து, ஒரு உறுப்பினர் அவர் கையில் கொடுத்த கடன் தவணை 2,000 ரூபாய் எங்கே போனது என்றே தெரியவில்லை. “நீ எப்ப குடுத்த?” என்று திருப்பிக் கேட்டார். “இத்தனை வருஷம் நம்பினோமே, இப்படி ஏமாத்துறாங்களே” என்று ஒருத்தி கத்திவிட்டாள். அக்கா அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். அதன்பின் கூட்டத்துக்கே வரவில்லை.

நான்கு மாதம் கழித்து மருமகள் அரிசி டப்பாவின் அடியிலிருந்து அந்தப் பணத்தை எடுத்தாள். சேலை முனையில் முடிந்த மாதிரியே ஒரு துணியில் கட்டி வைத்திருந்தது.

அக்கா ஏமாற்றவில்லை. அவருக்கு மறதி நோயின் ஆரம்பம். வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, குழுவிலும் தோன்றவில்லை. இந்த நோய் பல பேருக்கு முதலில் தலைகாட்டுவதே பணக் கணக்கில்தான். சமையல், கோலம், பூக்கட்டுவது எல்லாம் கை பழகியபடி நடந்துகொண்டே இருக்கும். புதிதாகக் கேட்டதும் கொடுத்ததும் வாங்கியதும் மட்டும் மனசில் ஒட்டாது.

மறதி நோயை டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அதில் அதிகம் பேருக்கு வருவது அல்சைமர். 1906-ல் ஜெர்மனி நாட்டு டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் இதை முதலில் விளக்கிச் சொன்னதால் அந்தப் பெயர். அவர் பார்த்த நோயாளியும் ஒரு பெண்தான். மூளையில் சில வகைப் புரதங்கள் படிந்து, நரம்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே உள்ளே இந்த வேலை தொடங்கிவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது 65 வயதில் தெரியும் நோய்க்கு 45, 50 வயதிலேயே விதை விழுந்திருக்கலாம். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் இப்போது அந்த வயதில் இருக்கிறோம்!

மறதி எல்லோருக்கும் உண்டு. நம்ம ஊர் திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால் பயம் வேண்டாம். தினமும் பூட்டித் திறந்த பூட்டை எப்படித் திறப்பது என்று கையில் சாவியோடு நின்றால் கவனிக்க வேண்டும். ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் நாலு தடவை கேட்பது, பழகின சந்தைக்குப் போய்விட்டு எந்த பஸ் ஏறுவது என்று திகைப்பது, பொருளைத் தானே ஒளித்து வைத்துவிட்டு மருமகள் திருடிவிட்டாள் என்பது, கலகலப்பானவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவது, இவையெல்லாம் அடையாளங்கள். ஒருநாள் நடந்தால் அல்ல. ஆறு மாதமாகக் கூடிக்கொண்டே வந்தால்.

நம்ம ஊர்ப்பக்கம் இந்த நோயே இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அந்தக் கதை நமக்கு முக்கியம். 1998-ல் கொச்சியில் தொடங்கிய 10/66 என்ற ஆராய்ச்சிக் குழு, 7 நாடுகளில் 11 இடங்களில் 65 வயது தாண்டிய சுமார் 15,000 பேரைப் பார்த்தது. நம் மாநிலத்தில் சென்னை நகரமும் வேலூர் பக்கத்துக் கிராமங்களும் அதில் இருந்தன. 2008-ல் முடிவு வந்தது. அமெரிக்க மருத்துவக் கையேட்டின் அளவுகோல்படி, நம் கிராமப்புறத்தில் 1,000 முதியவர்களில் 3 பேருக்கு மட்டுமே நோய். கியூபாவில் 63 பேர். நமக்கு நல்ல செய்தி மாதிரி இருக்கிறதா? படிக்காதவர்களுக்கும் பொருந்தும்படி அந்தக் குழுவே தயாரித்த வேறு அளவுகோலில் பார்த்தபோது, 11 இடங்களில் எந்த இடத்திலும் 1,000-க்கு 56 பேருக்குக் குறையவில்லை.

எங்கே போனார்கள் மற்றவர்கள்? முதல் அளவுகோலுக்கு வீட்டார் வாய் திறந்து, “முன்ன மாதிரி இல்லை, அன்றாட வேலை தடுமாறுது” என்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அப்படிச் சொல்வதில்லையே. “வயசானா அப்படித்தான்”, “அப்பத்தாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு” என்று சொல்லிவிட்டு, சோற்றைப் போட்டு, மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். நாம் பாசத்தோடு செய்வதுதான். ஆனால் அந்தப் பாசமே நோயை மறைத்துவிட்டது.

அதன்பின் 2017 முதல் 2020 வரை இந்தியா முழுக்க எடுத்த ஆய்வில், 60 வயது தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் என்று தெரிந்தது. சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கும் அதிகம். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிகிறதா சகோதரிகளே?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கேரளத்தில் திருச்சூர் பக்கம் டாக்டர் ஷாஜி குழுவினர் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குச் சில மணி நேரம் மட்டும் பயிற்சி கொடுத்து, உங்கள் பகுதியில் யாருக்கு இருக்கும் என்று குறித்துத் தரச் சொன்னார்கள். 51 பேரைக் குறித்தார்கள். டாக்டர் பரிசோதித்தபோது 33 பேருக்கு நோய் இருப்பது உறுதியானது. வீடு வீடாகப் போய்ப் பழகியவர்களின் கண்தான் அங்கே கருவி. மாதா மாதம் கூடி உட்காரும் நமக்கும் அந்தக் கண் உண்டு.

ஆனால் ஒன்று. பெயர் வைப்பது நம் வேலை இல்லை. சந்தேகம் வந்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சிறுநீரில் கிருமி, சில மாத்திரைகள், வழுக்கி விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டுவது, இவற்றாலும் மறதி வரும். இதில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். “என்ன செஞ்சாலும் சரியாகாதாம்” என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால், சரியாகக்கூடியதும் கைவிட்டுப் போய்விடும்.

ரத்தத்திலேயே அல்சைமரைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அதுவும் ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களுக்குத்தான். புதிய ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. அவை நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நின்றுபோகச் செய்யாது. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் உண்டு, விலையும் அதிகம். “ஒரே மாத்திரையில் ஞாபகசக்தி” என்று விளம்பரம் பார்த்துக் குழுக்கடன் எடுத்து வாங்க வேண்டாம்.

நம் கையில் இருப்பது வேறு. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைச் சொன்னது. அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகத்தில் வரும் மறதி நோயில் கிட்டத்தட்ட பாதியை (45 சதவீதம்) தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. நமக்கு நெருக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரஷரும் சுகரும்தான் முதலில். நடு வயதில் ஏறும் பிரஷர் மூளையின் ரத்தக் குழாயைக் கெடுக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பவர்கள் பலர் நம் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, “தலை சுத்துற அன்னிக்கு மட்டும் போட்டுக்குவேன்” என்பவர்களும் நம் பெண்கள்தான்!

அடுத்தது காது. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரைச்சலில் காது மந்தமாகும், பேச்சு புரியாது, கூட்டத்தில் சும்மா தலையாட்டிவிட்டு ஒதுங்கிவிடுவோம். மூளைக்கு வேலை குறைகிறது. அமெரிக்காவில் நடத்தி 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் காதுக் கருவி எல்லோருக்கும் பலன் தரவில்லை. ஆனால் ஆபத்து அதிகம் உள்ள முதியவர்களிடம் மூன்று வருஷத்தில் அறிவுத்திறன் குறைவதைக் கிட்டத்தட்ட பாதியாக்கியது. கண்ணும் அப்படித்தான். புரை விழுந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுப்புப் புகை, வீட்டுக்காரர் பிடிக்கும் பீடிப் புகை, உட்கார்ந்தே இருப்பது, பேச ஆளில்லாமல் தனியாகக் கிடப்பது, இவையும் அந்தக் காரணங்களில் வரும். பேச்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளைப் பார்த்து 2013-ல் சொன்னது: இரண்டு மொழி பேசுபவர்களுக்கு மறதி நோய் நாலரை வருஷம் தாமதமாக வந்திருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும்கூட. நாகல் நகரில் சௌராஷ்டிரமும், சின்னாளபட்டி நெசவாளர் வீடுகளில் தெலுங்கு, கன்னடமும் பேசுகிற பாட்டிகள் பேரப் பிள்ளைகளிடம் அந்த மொழியை விட்டுவிட வேண்டாம்.

பக்கத்து மாநிலத்தில் கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் கிராமங்களில் 2018 முதல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது தாண்டியவர்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து வருகிறது. 10,000 பேர் என்பது இலக்கு. நோய் வந்தபின் பார்க்காமல், வருவதற்கு முன்பே நம்மைப் போன்ற கிராமத்து ஆட்களிடம் என்ன மாறுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

நம் அக்காவை மருமகள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தைராய்டு குறைவும் இருந்தது, பிரஷரும் இருந்தது. மாத்திரையில் கொஞ்சம் தெளிவு வந்தது. மறதி நோயின் ஆரம்பமும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழுவில் பேசி, ஊக்குநர் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றினார்கள். ஆனால் உறுப்பினராக அவரை விடவில்லை. பணம் வாங்கினால் அவர் கண் முன்னாலேயே பாஸ்புக்கில் எழுதி, மருமகளிடமும் சொல்லிவிடுகிறார்கள். ‘ஏமாத்துறாங்க’ என்று கத்திய அந்தத் தங்கச்சிதான் இப்போது கூட்ட நாளில் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறாள். தொடக்க உறுதிமொழியை இன்றும் அக்காதான் சொல்லித் தருகிறார், ஒரு வார்த்தை பிசகாமல். போன கூட்டத்தில், “நான் சேமிப்பு கட்டிட்டேனா?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பாஸ்புக்கை விரித்துக் காட்டினார்கள்.